கடைசி வரியில் 'ஹியர்' வருமா, 'ஹியரிங்' வருமா?

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். எனக்குத் தக்கலை பக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நாலு வருடமாக நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யும் எழுதிவிட்டேன். இப்போது இங்கிலாந்து மருத்துவமனைகளுக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எல்லாக் கடிதத்தையும் 'லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ' என்றுதான் முடித்தேன். மஸ்கட்டில் இருக்கும் அத்தான் அதைப் பார்த்துவிட்டு, 'ஹியரிங்' என்று வர வேண்டும் என்கிறார். எங்கள் வார்டு சிஸ்டரோ, 'டு' வந்தால் அதற்குப் பின்னால் வெறும் வினைச்சொல்தான், பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லையா என்று கேட்கிறார். யார் சொல்வது சரி? பதினோரு கடிதம் போய்விட்டது. இந்தத் தவறால்தான் பதில் வரவில்லையோ என்று பயமாக இருக்கிறது. ஒரே ஒரு இடத்திலிருந்து வீடியோ நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அத்தான் சொன்னதுதான் சரி. 'லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று எழுத வேண்டும்.

ஆனால் உங்கள் வார்டு சிஸ்டர் சொன்ன விதியும் பொய்யில்லை. பல இடங்களில் அது சரியாகவே பொருந்தும். முப்பது வருடம் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்த வரியில் தவறுகிறவர்கள் பெரும்பாலும் இலக்கணத்தைக் கவனமாகப் படித்த பிள்ளைகள்தான். படித்த விதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் இங்கே சறுக்குகிறார்கள். அதனால் உங்களுக்கு ஆங்கிலம் வராது என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆங்கிலத்தில் 'டு' பார்க்க ஒன்றுதான், ஆனால் அது செய்யும் வேலை இரண்டு. 'ஐ வாண்ட் டு கோ' என்பதில் வரும் 'டு' வினைச்சொல்லோடு ஒட்டி நிற்பது. 'போக' என்று நாம் சொல்லும்போது கடைசியில் ஒலிக்கிற அந்த 'அ' மாதிரி. 'ஐ ஆம் கோயிங் டு குளச்சல்' என்பதில் வரும் 'டு' வேறு. அது குளச்சலுக்கு என்பதில் வரும் 'கு' உருபு போல; அதற்குப் பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல் இருந்தாக வேண்டும். வார்டு சிஸ்டர் சொன்ன விதி முதல் 'டு'வுக்கு உரியது. 'லுக் ஃபார்வர்டு டு'வில் இருப்பது இரண்டாவது 'டு'. அதன் பின்னால் ஒரு வினையைக் கொண்டுவர வேண்டுமென்றால் முதலில் அதைப் பெயராக்க வேண்டும். தமிழில் 'கேள்' என்பதைக் கேட்டல், கேட்பது என்று தொழிற்பெயராக்குகிறோம். ஆங்கிலத்தில் 'இங்' சேர்த்தால் அது நடந்துவிடும்: ஹியர், ஹியரிங்.

இதை மனதில் பதிய வைக்க நான் வகுப்பில் நம் பழைய தமிழ்க் கடிதத்தைத்தான் எடுப்பேன். என் அப்பா வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் வீட்டில் கடிதம் எழுதுகிற பொறுப்பு என்னுடையது. ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட ஏர்மெயில் கவர் வாங்கி வைத்திருப்போம். அம்மா அடுப்படியில் நின்று சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அம்மா சொல்ல வேண்டிய தேவையே இல்லாத இரண்டு வரிகள் எப்போதும் உண்டு. முதல் வரி: 'நலம், நலமறிய ஆவல்.' கடைசி வரி: 'தங்கள் பதிலை எதிர்நோக்கும் அன்பு மகள்.'

இந்த இரண்டு வரிகளையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் வரியில் 'அறிய ஆவல்' என்கிறோம். அறிவதை ஆவல் என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் இது 'ஈகர் டு நோ'. வார்டு சிஸ்டரின் விதிப்படி வெறும் வினைச்சொல். கடைசி வரியில் 'பதிலை எதிர்நோக்கும்' என்கிறோம். எதிர்நோக்குவதற்கு ஒரு பொருள் வேண்டும், அதன் மேல் 'ஐ' ஏற வேண்டும். 'கேட்க எதிர்நோக்குகிறேன்' என்று எழுதிப் பாருங்கள், காதுக்கே ஒட்டாது. 'கேட்பதை எதிர்நோக்குகிறேன்' என்றால்தான் வாக்கியம் நிற்கும். அந்தக் 'கேட்பதை'தான் 'டு ஹியரிங்'.

அப்படியானால் ஏன் தவறுகிறோம்? பள்ளிக்கூடத்தில் 'லுக் ஃபார்வர்டு' என்றால் 'ஆவலாக இருப்பது' என்று பொருள் எழுதிப்போடுகிறோம். பொருள் தப்பில்லை. ஆனால் ஆவல் என்று மனதில் பதிந்ததும் 'கேட்க ஆவல்' என்று தமிழ் ஓடுகிறது, அதன் பின்னாலேயே 'டு ஹியர்' வந்து உட்கார்ந்துவிடுகிறது. இன்னும் சிலர் 'லுக்கிங் ஃபார்வர்டு ஃபார் யுவர் ரிப்ளை' என்று எழுதுவதும் இதே மாதிரிதான். அவர்கள் மனதில் ஓடுவது 'பதிலுக்காகக் காத்திருக்கிறேன்'. 'வெயிட்' என்ற சொல்லுக்கு 'ஃபார்' பொருந்தும், இதற்குப் பொருந்தாது. இனிமேல் இந்தத் தொடரை 'எதிர்நோக்குதல்' என்றே பொருள் கொண்டு படியுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

சந்தேகம் வரும்போது செய்து பார்க்க ஒரு சோதனையும் உண்டு. 'டு'வுக்குப் பின்னால் வினையை எடுத்துவிட்டு ஒரு சாதாரணப் பெயர்ச்சொல்லைப் போடுங்கள். 'லுக்கிங் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை' சரியாக இருக்கிறது. பெயர்ச்சொல் உட்காரும் இடம் என்றால், வினை வரும்போது 'இங்' போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். 'ஐ வாண்ட் டு யுவர் ரிப்ளை' என்றால் அபத்தமாக இருக்கிறது. அங்கே வெறும் வினைதான்.

உங்கள் தொழிலுக்கு இந்தச் சோதனை கடைசி வரியோடு முடிவதில்லை. நர்ஸ் வேலைக்கான கடிதத்தில் இந்த 'டு' மறைந்திருக்கும் இடங்கள் நிறைய. 'ஐ ஆம் கமிட்டெட் டு ப்ரொவைட் குவாலிட்டி கேர்' என்று எழுதியிருக்கிறீர்களா? என்னிடம் திருத்த வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த வரி இருக்கிறது. பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். 'கமிட்டெட் டு குவாலிட்டி கேர்', சரியாக உட்காருகிறது. ஆகவே 'கமிட்டெட் டு ப்ரொவைடிங்'. 'டெடிகேட்டெட் டு' என்பதும் அப்படியே. 'இன் அடிஷன் டு' என்று தொடங்கினால் 'இன் அடிஷன் டு ஒர்க்கிங் இன் த ஐ.சி.யூ.' என்றுதான் போக வேண்டும். மறுபக்கம் 'வில்லிங் டு', 'ஏபிள் டு', 'ஹோப் டு', 'ஈகர் டு' எல்லாவற்றுக்கும் வெறும் வினைதான். இதெல்லாம் 'நலமறிய ஆவல்' வீட்டைச் சேர்ந்தவை.

ஒரு இடத்தில் இந்த வித்தியாசம் பொருளையே புரட்டிவிடும். 'ஐ ஆம் யூஸ்டு டு ஒர்க்கிங் நைட் ஷிஃப்ட்ஸ்' என்றால், இரவு ஷிஃப்ட் எனக்குப் பழக்கம்தான், எத்தனை கொடுத்தாலும் பார்ப்பேன் என்று பொருள். 'ஐ யூஸ்டு டு ஒர்க் நைட் ஷிஃப்ட்ஸ்' என்றால், முன்பு இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது இல்லை என்று பொருள். இரண்டிலும் இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் முதலாவதைச் சொல்ல நினைத்து இரண்டாவதை எழுதிவிட்டால், இந்தப் பெண் இரவு வேலையை விட்டுவிட்டாள் போல என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். பதினோரு கடிதத்தில் எங்கேயாவது இது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். எனக்கு 'ஹியர்', 'ஹியரிங்' பிரச்சினையைவிட இதுதான் கவலை.

சோதனை எல்லா இடத்திலும் செல்லும் என்று சொல்லிவிட மாட்டேன். 'அக்ரீ டு' இரண்டையும் ஏற்கும். 'அக்ரீ டு த டேர்ம்ஸ்' என்றும் வரும், 'அக்ரீ டு ஒர்க்' என்றும் வரும். இப்படிச் சில சொற்களைத் தனியாகத்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓ.இ.டி. எழுத்துத் தேர்வில் நோயாளியை வேறு ஒருவரிடம் ஒப்படைக்கிற கடிதம் ஒன்று எழுதியிருப்பீர்கள், 180 முதல் 200 வார்த்தைக்குள். அதன் கடைசியில் 'ப்ளீஸ் டு நாட் ஹெசிடேட் டு கான்டாக்ட் மீ' என்று எழுதப் பயிற்சி எடுத்திருப்பீர்கள். அங்கே 'கான்டாக்ட்' என்று வெறும் வினை. அது சரி. 'ஹெசிடேட் டு' முதல் வகை. அதற்கு அடுத்த வரியிலேயே 'லுக்கிங் ஃபார்வர்டு டு' வரும்போது, முந்தைய வரியின் ஓட்டத்தில் 'ஹியர்' என்று கை தானாக எழுதிவிடுகிறது. இரண்டு முடிப்பு வரிகளும் அடுத்தடுத்து நிற்பதால் வரும் வினை இது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாலே போதும் என்பது என் கருத்து. வேலைக்கான கடிதத்தில் 'ஹெசிடேட்' வரி வேண்டாம். உங்களைத் தொடர்புகொள்ள அவர்கள் ஏன் தயங்கப் போகிறார்கள்?

அப்புறம், இந்தத் தொடரை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல விரும்புகிறேன்.

தமிழில் 'எதிர்பார்க்கிறேன்' நல்லதுக்கும் வரும், கெட்டதுக்கும் வரும். தங்கை வருவதை எதிர்பார்க்கிறோம். புயல் கரையைக் கடக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஆங்கிலத்தில் இது இரண்டாகப் பிரிந்துவிடும். புயலுக்கு 'எக்ஸ்பெக்ட்'. தங்கைக்கு 'லுக் ஃபார்வர்டு'. இரண்டாவதில் ஒரு மகிழ்ச்சி எப்போதும் ஒட்டியிருக்கும், அதைப் பிரிக்க முடியாது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது நம் மேற்குக் கடற்கரை ஊர்களிலிருந்து கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. அடுத்த சில மாதங்களில் அந்தக் குடும்பங்களுக்காக மனுக்களை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுக்க எங்களில் சிலர் போனோம். என்னோடு வந்த ஒரு பையன், என் பழைய மாணவன், நல்ல பிள்ளை, ஒரு அம்மாவுக்காக மனு எழுதினான். அவர் கணவருக்கு இறப்புச் சான்றிதழ் கேட்டு. மனு முழுக்க ஒரு பிழை இல்லை. கடைசியில் 'வீ ஆர் லுக்கிங் ஃபார்வர்டு டு ரிசீவிங் த டெத் சர்ட்டிஃபிகேட்' என்று முடித்திருந்தான். 'இங்' கூடச் சரியாகப் போட்டிருந்தான், நான் சொல்லிக்கொடுத்தபடி. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அந்த அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'மக்களே, இந்த வார்த்தைக்குள்ள சந்தோஷம் இருக்குடா' என்று அவனிடம் மெதுவாகச் சொல்லி, 'வீ ரெக்வஸ்ட்' என்று மாற்றினோம். நான் இத்தனை வருடம் 'இங்' போட மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதன் உள்ளே இருக்கும் உணர்வைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதிலிருந்து இந்தத் தொடரை நடத்தும்போதெல்லாம் இலக்கணத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்கிறேன்.

நோயாளியின் உறவினருக்கு எழுதும்போதும் இது உங்களுக்கு வேண்டியிருக்கும். பயாப்சி முடிவுக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு 'வீ ஆர் வெயிட்டிங் ஃபார் த ரிசல்ட்' என்றுதான் எழுத வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் இருக்கிறது. எதிர்பார்க்கிறேன் என்பதை அப்படியே வைத்து 'ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் யுவர் ரிப்ளை' என்று விண்ணப்பத்தை முடிக்கிறவர்கள் உண்டு. தமிழ்க் காதுக்கு அது பணிவாகக் கேட்கிறது. ஆங்கிலக் காதுக்கு, 'பதில் வந்தாக வேண்டும்' என்று மேலதிகாரி சொல்வது போல இருக்கும். நீங்கள் அப்படி எழுதவில்லை. நல்லது.

இனி வடிவம். 'ஐ லுக் ஃபார்வர்டு டு' என்றால் கொஞ்சம் முறையான தொனி. விண்ணப்பத்துக்கு அதைத்தான் நான் சொல்வேன். 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு டு' என்பது நெருக்கமானது. உடன் படித்த தோழிக்கு எழுதலாம், ஏற்கெனவே பேசிப் பழகிய அதிகாரிக்கும் எழுதலாம். 'ஐ' இல்லாமல் 'லுக்கிங் ஃபார்வர்டு' என்று தொடங்குவது இன்றைக்கு மின்னஞ்சலில் எல்லோரும் எழுதுவதுதான், தவறு என்று யாரும் திருப்பி அனுப்பப் போவதில்லை. ஆனால் அது முழு வாக்கியம் கிடையாது. பழைய ஆங்கிலக் கடிதங்களில் 'லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ, ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று ஒரே ஓட்டமாகப் போய்க் கையெழுத்தில் முடியும். நம் 'பதிலை எதிர்நோக்கும்' என்பது 'அன்பு மகள்' என்ற சொல்லில் போய் ஒட்டிக்கொள்கிறதே, அதே அமைப்பு. பின்னால் 'ஐ ரிமெய்ன்' வழக்கொழிந்து போக, முன்பாதி மட்டும் தனியாக நின்றுவிட்டது. அதனால் கடைசியில் கமா போடுவதா முற்றுப்புள்ளி வைப்பதா என்று பலருக்கும் குழப்பம். 'ஐ லுக் ஃபார்வர்டு' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டால் அந்தக் குழப்பமே வராது.

பதில் வராததற்கு இதுதான் காரணமா என்று கேட்டீர்கள். நிச்சயமாக இல்லை. ஆட்களைத் தேர்வு செய்கிறவர்கள் ஒரு 'இங்' விட்டதற்காக நாலு வருட அனுபவமுள்ள நர்ஸை ஒதுக்க மாட்டார்கள். ஓ.இ.டி. எழுத்துத் தேர்விலேயே மதிப்பெண் போட ஆறு அளவுகோல்கள் இருக்கின்றன. மொழி அதில் ஒன்றுதான். கடிதத்தின் நோக்கம் சட்டென்று தெரிகிறதா என்பதற்கே தனி அளவுகோல் உண்டு. உங்கள் விண்ணப்பங்களையும் அந்தக் கண்ணோடு எடுத்துப் பாருங்கள். எந்தப் பிரிவில் வேலை கேட்கிறீர்கள், ஓ.இ.டி. முடிந்ததா, நர்ஸ்கள் இங்கிருந்தே கணினியில் எழுத வேண்டிய சி.பி.டி. தகுதித் தேர்வு முடிந்ததா என்பதெல்லாம் முதல் பத்தியிலேயே இருக்கிறதா? அவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். அனுப்பிய கடிதங்களுக்குத் திருத்தம் போட்டு மறுபடி அனுப்ப வேண்டாம், அது தேவையில்லாமல் அந்தத் தவறைச் சுட்டிக்காட்டுவதாகிவிடும். பன்னிரண்டாவது கடிதத்திலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள், போதும்.

சரி, நேர்காணல் பதிலுக்கு வருவோம். இதை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள், சிறியதாக இருக்கட்டும். அழைத்தவரின் பெயர் மின்னஞ்சலில் இருந்தால் 'டியர்' போட்டு அந்தப் பெயர், முடிவில் 'யுவர்ஸ் சின்சியர்லி'. பெயரே இல்லாமல் 'டியர் சார் ஆர் மேடம்' என்று தொடங்கினால்தான் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'. நடுவில் மூன்றே வரி:

'தேங்க் யூ ஃபார் இன்வைட்டிங் மீ டு அன் இன்டர்வியூ. ஐ கன்ஃபர்ம் தட் ஐ வில் அட்டெண்ட்', பிறகு தேதி, நேரம். 'ஐ லுக் ஃபார்வர்டு டு ஸ்பீக்கிங் வித் யூ.'

'மீட்டிங் யூ' என்றும் எழுதலாம். வீடியோவில் பேசப் போவதால் எனக்கு 'ஸ்பீக்கிங் வித் யூ' பொருத்தமாகப் படுகிறது. முதல் வரியில் 'இன்வைட்டிங் மீ டு' என்று ஒரு 'டு' வருவதைக் கவனித்தீர்களா? அதன் பின்னால் 'அன் இன்டர்வியூ', பெயர்ச்சொல். அதுவும் இரண்டாவது வீட்டுப் பிள்ளைதான்.

நேரத்தை எழுதும்போது 'யூ.கே. டைம்' என்று கூடவே போடுங்கள். குளிர்காலத்தில் நாம் அவர்களைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், கோடையில் அவர்கள் கடிகாரத்தைத் தள்ளி வைப்பதால் நாலரை மணி நேரம். மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அது மாறும். உங்கள் நேர்காணல் அந்த நாட்களை ஒட்டி வந்தால் அத்தானிடம் ஒருமுறை கணக்குப் போடச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.